தாயாரின் கைப்பேசியும் நம் கட்டளையும்

ஊரில் தனித்திருக்கும் பெற்றோரின் கைப்பேசியை இங்கிருந்தே கவனித்துக்கொள்ள வழியுண்டா என்று சங்கத்து அன்பர்கள் சிலர் நம்மை வினவினர். வழியுண்டு. ஓராண்டாக நாமே அதனைக் கையாண்டு வருகிறோம்; அதில் ஒரு பிழையும் செய்தோம். இரண்டையும் இம்மாதம் எழுதுகிறோம்.

நம் உத்தியோகம் நாகபுரியில்; தாயார் வாசம் மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில். தந்தையார் மறைந்தபின் இங்கு வந்து நான்கு மாதம் தங்கியவர், குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சுத் துணையும் இல்லை என்று திரும்பிவிட்டார். நல்ல கைப்பேசி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். ஆனால் அதனைச் சார்ஜில் போட மறந்துவிடுவார். வாரத்தில் இருமுறையேனும் 'ஸ்விட்ச் ஆஃப்' என்ற அறிவிப்பைக் கேட்டு, நெஞ்சு படபடக்க, அடுத்த வீட்டாரை அழைத்து, "அம்மாவைச் சற்று எட்டிப் பாருங்கள்" என்று வேண்டுவோம். அவர்களும் எத்தனை முறைதான் எட்டிப் பார்ப்பார்கள்!

ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு டெர்மக்ஸ் என்றொரு இலவசச் செயலி உண்டு. கறுப்புத் திரையில் எழுத்தால் கட்டளையிடும் பழைய முறையை அது கைப்பேசிக்குள் கொண்டு வருகிறது. செய்யவேண்டிய கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதிவைத்தால் அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். மேலதிகாரி விடுப்பில் செல்லுமுன் மேஜைமேல் எழுதிவைக்கும் குறிப்பைப் போன்றதே இது. அவர் இல்லாதபோதும் காரியம் நடக்கும். டெர்மக்ஸ் ஏ.பி.ஐ. என்னும் துணைச் செயலியையும் சேர்த்துக்கொண்டால், பாட்டரியில் எத்தனை சதவீதம் எஞ்சியுள்ளது என்று அறியலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், எழுதிய வாக்கியத்தைக் குரலாக ஒலிக்கச் செய்யலாம். இரண்டையும் எஃப்-டிராய்டு என்னும் செயலிக் களஞ்சியத்திலிருந்தே பெறுக. ஒன்றை அங்கும் மற்றொன்றை வேறிடத்திலும் எடுத்தால் ஒன்றோடொன்று இணங்கா.

நாம் எழுதிய ஸ்கிரிப்ட் பதினைந்து வரிகூட இராது. பாட்டரி 20 சதவீதத்திற்குக் கீழே இறங்கினால், "அம்மா, போனைச் சார்ஜில் போடுங்கள்" என்று கைப்பேசியே தமிழில் சொல்லும். இரவு எட்டு மணிக்குச் சதவீத எண் மட்டும் குறுஞ்செய்தியாக நமக்கு வரும். முதல்நாள் அக்குரலைக் கேட்ட தாயார், "யாரோ ஒரு பெண் உன்னைப்போல என்னை அதட்டுகிறாளே!" என்றார்.

இதில் வெளியிலிருந்து எவரும் கைப்பேசிக்குள் நுழைவதில்லை என்பதைக் கவனிக்க. குறித்த நேரத்தில் அது தானே வேலை செய்து தானே தகவல் சொல்கிறது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இவ்வளவே போதும் என்பது நம் துணிபு.

ஆயினும் ஸ்கிரிப்ட்டைத் திருத்தவேண்டுமானால் என்செய்வது? ஒவ்வொரு முறையும் ஊருக்குப் போக விடுப்புக்கு எங்கே போவது? அதற்கென்றே எஸ்.எஸ்.எச். என்னும் முறை இருக்கிறது. பின்லாந்தில், ஒரு பல்கலைக்கழக வலையமைப்பில் எவரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடினர். அதன் விளைவாக, அங்கிருந்த டாட்டு யூலொனென் என்பார் 1995இல் இதனை இயற்றினார். அனுப்பும் கட்டளை முழுதும் மறைமொழியாக மாறிச் செல்வதால், இடைவழியில் கேட்பவனுக்கு ஒன்றும் விளங்காது.

இதற்குக் கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளவே கூடாது. சாவி முறையையே கொள்ளவேண்டும். சாவி இரண்டு பகுதி. இரகசியப் பகுதி நம் கணினியை விட்டு அகலாது. பகிரங்கப் பகுதி தாயாரின் கைப்பேசியில் ஒரு கோப்பில் ஒரு வரியாகப் பதிந்திருக்கும். பணியில் சேர்ந்த புதிதில் ஒற்றைப் பாதை நிலையம் ஒன்றில் நாம் பார்த்த டோக்கன் கருவிதான் நினைவுக்கு வருகிறது. டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த பிளாக்கில் நுழையலாகாது. அந்த டோக்கனையும் இந்த நிலையத்தார் தாமாக எடுத்துவிட முடியாது. அடுத்த நிலையத்தார் தம் கருவியில் இசைவு தந்தாலன்றி அது வெளிவராது.

அந்தச் சாவி வரிக்கு முன்னால், 'இச்சாவியைக் கொண்டு வருபவருக்கு இந்த ஒரு கட்டளை மட்டுமே' என்றும் எழுதிவைக்கலாம். பாட்டரி நிலையைக் கேட்க ஒரு சாவி, ஸ்கிரிப்ட்டைத் திருத்த வேறொன்று என்று நாம் பிரித்துவைத்துள்ளோம். முன்னது களவுபோனாலும் திருடனுக்குக் கிடைப்பது ஓர் எண் மட்டுமே. நம் கணினி தொலைந்தால், தாயாரின் கைப்பேசியிலுள்ள வரியை அழித்தால் சாவி செத்துவிடும். கைப்பேசியின் இணையத்திற்கு வெளியிலிருந்து நேரடி வழி பெரும்பாலும் கிடையாது. ஆதலால் டெயில்ஸ்கேல் போன்ற தனிவலையில் இரு கருவிகளையும் சேர்க்கவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, திரையைத் தொலைவிலிருந்து காணும் செயலியை ஏற்றச் செய்து, முதியோரின் சேமிப்பைத் துடைத்துச் செல்லும் கூட்டம் நாடெங்கும் உண்டு. பிள்ளைகள் சொல்லாமல் எதையும் ஏற்றவேண்டாம் என்று பெற்றோரிடம் முன்னரே சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் தாமதியாது 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

வேறொரு தொல்லையும் உண்டு. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதற்கொண்டு, கைப்பேசி சும்மா கிடந்தால் பாட்டரியை மிச்சம் பிடிக்கச் செயலிகளை உறங்கவைத்துவிடுகிறது. சென்ற கோடையில் இரண்டு நாள் செய்தி வராமற்போக, நாம் பதைபதைத்து அழைத்தால், தாயார் திண்ணையில் நிம்மதியாகப் புளி உடைத்துக்கொண்டிருந்தார். டெர்மக்ஸுக்கு அந்த மிச்சப் பிடிப்பிலிருந்து விலக்களித்த பின்னரே ஒழுங்குபட்டது.

இனி நம் பிழை. கைப்பேசி இருக்குமிடத்தைச் சொல்லும் கட்டளையும் அத்துணைச் செயலியில் உண்டு. தாயாரிடம் சொல்லாமலே அதையும் சேர்த்தோம். ஒருநாள் பகலில் கேட்டுப் பார்த்தபோது, கைப்பேசி தஞ்சாவூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இருப்பதாகத் தெரிந்தது. அன்றிரவு பேசுகையில், "கண் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டோம்.

சிறிதுநேரம் பேச்சில்லை. பிறகு, "நான் அங்கே போனது உனக்கு யார் சொன்னது, தம்பி?" என்றார். விவரம் சொன்னோம். "உனக்குச் செலவு வைக்க வேண்டாமென்றுதான் சொல்லவில்லை. நான் எங்கே போகிறேன் வருகிறேன் என்று இனிமேல் நீ கணக்கு வைத்துக்கொள்ளப் போகிறாயா?" என்று கேட்டார். விடை சொல்ல நமக்கு வாயில்லை. அடுத்த மூன்று நாளும் கைப்பேசி அணைந்தே கிடந்தது. இம்முறை மறதியால் அன்று.

தீபாவளிக்கு ஊருக்குச் சென்றபோது, அவர் அருகிலிருக்க அந்தக் கட்டளையை அழித்தோம். எஞ்சிய ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறதென்று படித்துக் காட்டினோம். சாவி வரியை நீக்கும் முறையை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தோம். அதை அரிசி டப்பாவின் மூடியில் ஒட்டிவைத்திருக்கிறார். ஜனவரியில் கண் அறுவைக்கு நாள் குறித்துவிட்டு அவரே அழைத்துச் சொன்னார். சொட்டு மருந்துக்கு நான்கு வேளையும் அந்தப் பெண் குரல் கொடுக்கவேண்டும், ஆனால் அதட்டக்கூடாது என்றார். அதற்கு மட்டும் புதிதாக ஒரு வரி சேர்த்தோம்.