திரும்பி வாறவரை எண்ண வேண்டாம்



எங்கட கூட்டங்களில் இப்ப ஒரு கேள்வி அடிக்கடி வருது: "தளத்துக்குத் திரும்பத் திரும்ப வாறவை எத்தனை பேர்? அதைச் சரியா அளக்க வேணும்." நிதி விண்ணப்பப் படிவத்திலும் அதற்கொரு பெட்டி இருக்கிறது. ஒருவர் கூகுள் அனலிட்டிக்ஸ் போடுவம் என்கிறார். இன்னொருவர் அதைவிடத் துல்லியமான கருவி இருக்கெண்டு சொல்கிறார். இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான்: அந்த எண் எங்களுக்கு வேண்டாம். பிழையாக வந்தால் பயனில்லை. சரியாக வந்தால் ஆபத்து.

முதலில் பிழையைப் பார்ப்போம். இந்தக் கருவிகள் எண்ணுவது உலாவிகளை. முதல் வருகையில் உங்கள் உலாவியில் ஓர் அடையாள எண்ணைக் குக்கியாக வைக்கும். அடுத்தமுறை அது இருந்தால் நீங்கள் 'திரும்பி வந்தவர்', இல்லாவிட்டால் 'புதியவர்'. காலையில் பஸ்ஸில் போனிலும், மத்தியானம் வேலையிடத்துக் கணினியிலும், இரவு வீட்டு லப்டொப்பிலும் வாசிக்கிற ஒருவர் மூன்று பேராகப் பதிவாகிறார். ஒரே லப்டொப்பில் வாசிக்கும் தாயும் மகளும் ஒரே ஆள். 2019 முதல் சஃபாரி உலாவி, ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கிகளுக்கு 7 நாள்தான் ஆயுள் கொடுக்கிறது. மாதம் ஒருமுறை ஐபோனில் தவறாமல் வருகிற வாசகர் ஒவ்வொரு முறையும் புதியவர்தான்! விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர் பெரும்பாலும் கணக்கிலேயே இல்லை. குக்கிக்குச் சம்மதம் மறுத்தவர்களின் இடைவெளியை, தரவு போதிய அளவு இருந்தால், கூகுள் தன் கணிப்பைக் கொண்டு நிரப்பித் தரும். அந்தக் கணிப்பைத்தான் நாங்கள் படிவத்தில் 'எங்கள் வாசகர்கள்' எண்டு எழுதப் போகிறோமா?

துல்லியமாக்க வழி இல்லாமல் இல்லை. எல்லாரையும் கணக்குத் திறந்து உள்ளே வரச் சொல்லலாம். அல்லது திரை அளவு, எழுத்துரு, நேர வலயம் எல்லாம் சேர்த்து உலாவிக்கே ஒரு கைரேகை எடுக்கலாம். இரண்டும் ஆளை அடையாளம் காணும் வேலை. இந்த அளவுகோல் கூர்மையாகக் கூர்மையாக, வாசகரின் முகம்தான் தெளிவாகிக்கொண்டு வரும்.

இது தற்செயல் இல்லை. 1994 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுலி குக்கியை உருவாக்கியது இணையக் கடை ஒன்றின் தேவைக்காக. அதன் முதல் பாவனையோ, நெட்ஸ்கேப் தளத்துக்கு வந்தவர் முன்னரும் வந்தவரா எண்டு பார்ப்பது. கடைக்காரரின் கேள்வி அது. பிறகு அரசும் அதே சாமானைக் கையிலெடுத்தது. அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. உளவு நிறுவனம், கூகுள் வைத்த குக்கியைக் கொண்டே இலக்கு வைத்த ஆட்களை இனங்கண்டது எண்டு ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்கள் 2013 டிசம்பரில் காட்டின.

"எங்களை யார் தேடப் போகினம்?" எண்டு கேட்பவர்களுக்கு: பிரித்தானியாவில் 2018 இல் ஒரு மசோதா வந்தது. பயங்கரவாதச் செயலுக்கு உதவக்கூடிய தகவலை இணையத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ பார்த்தால் குற்றம் என்றது. 2019 இல் சட்டமானபோது ஒரு தடவையே போதும் என்றாகிவிட்டது. உச்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. நியாயமான காரணம் காட்டித் தப்பலாம், உண்மைதான். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டியவர் வாசகர். இலங்கையிலோ, 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முகநூல் பதிவுகளுக்காகவே தமிழ் இளைஞர்கள் கைதாகியிருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பற்றி நாங்கள் எழுதுவதை முல்லைத்தீவிலிருந்து வாசிப்பவர் இருக்கிறார். தஞ்ச விண்ணப்பம் முடியாமல் லண்டனில் ஓர் அறைக்குள் இருந்து வாசிப்பவரும் இருக்கிறார். அவர்கள் எத்தனை தடவை வந்தார்கள் என்ற பட்டியல் எதற்கு எங்களிடம் இருக்க வேண்டும்?

"கூகுள் வேண்டாம், எங்கட சேர்வரிலேயே மடோமோ போடுவம்" என்ற வாதம் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் எங்களிடம் இருக்கும் பட்டியலை நீதிமன்றக் கட்டளையோடு வந்து கேட்கலாம், சேர்வரையே தூக்கிக்கொண்டு போகலாம். இல்லாத பட்டியலை ஒருவரும் பறிக்க ஏலாது.

அப்ப எங்கட வேலை ஆட்களைப் போய்ச் சேருதா எண்டு எப்படி அறிவது? எந்தக் கட்டுரை எத்தனை தடவை திறக்கப்பட்டது எண்டு மட்டும் எண்ணுவோம், ஆளை எண்ணாமல். ஒருநாள் கணக்கு வேணுமென்றால், அடையாளத்தைத் தினமும் அழித்து அடுத்தநாள் மறந்துவிடுகிற கருவிகள் உள்ளன. அவற்றால் நேற்று வந்தவரை இன்று அறிய முடியாது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான். சேர்வர் பதிவுகளில் ஐபி முகவரியின் கடைசிப் பகுதியை வெட்டி, சில நாளில் முழுதாக அழிப்போம். திரும்பி வாறவையைப் பற்றி அறிய வேணுமென்றால் கேட்போம்: கட்டுரையின் அடியில், பெயரில்லாமல், விரும்பினால் மட்டும் பதில் சொல்ல ஒரேயொரு கேள்வி. வாசிப்பு வட்டத்துக்கு இரண்டாம் தடவை வந்தவர் யார் எண்டு கதிரை அடுக்குபவருக்குத் தெரியும். அவரைச் சாப்பிட்டீங்களா எண்டு கேட்கவும் தெரியும்.

நிதிப் படிவத்தின் பெட்டியில் ஒரு வரி எழுதுவோம்: "வாசகர்களின் பாதுகாப்புக்காக இதை நாங்கள் அளப்பதில்லை." அதற்காகக் காசு தர மறுப்பவரின் காசு, வாசகர்களின் கால்தடத்தை விற்று வாங்கும் காசு.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறேன்: தளத்திலிருக்கும் பின்தொடர் ஸ்கிரிப்டுகள் அனைத்தும் அகற்றப்பட வேண்டும், சேர்ந்திருக்கும் தரவு அழிக்கப்பட வேண்டும். எதிர்ப்பவர்களும் வாங்கோ, வாதாடுவோம்.