ஒரு வாரம்... நாலு ஆணி!

'இரும்பு ஏன் துருப்பிடிக்குது?'ன்னு யாரைக் கேட்டாலும் டக்குனு வர்ற பதில், 'தண்ணி பட்டா பிடிக்கும் பாஸ்!' இதுக்குப் பாதி மார்க்தான் போட முடியும். மீதிப் பாதியை நீங்களே ரூம்ல உட்கார்ந்து கண்டுபிடிச்சிடலாம். தேவை, நாலு ஆணியும் நாலு காலி ஜாம் பாட்டிலும்தான்.

துத்தநாகப் பூச்சு இல்லாத சாதா இரும்பு ஆணியா கேட்டு வாங்குங்க. உப்புத்தாளால் பளபளன்னு தேய்ச்சுடுங்க. முதல் பாட்டிலில் குழாய்த் தண்ணி. ஆணி பாதி முங்கினா போதும், மூட வேண்டாம். இரண்டாவதில் நல்லா கொதிக்கவெச்சு ஆறின தண்ணி. ஆணி முழுக்க முங்கினதும் மேலே ஒரு விரக்கடை சமையல் எண்ணெய். மூன்றாவதில் தண்ணியே கிடையாது. ஷூ டப்பாவில் வருமே சிலிகா ஜெல் பாக்கெட், அதில் ரெண்டு மூணு போட்டு இறுக மூடிடுங்க. நாலாவது, முதல் பாட்டில் மாதிரியேதான்; கூடவே ரெண்டு ஸ்பூன் உப்பு.

ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க. முதல் ஆணியில் செம்பழுப்புத் துரு. நாலாவது அதைவிட மோசம். மூன்றாவது, காத்து இருந்தும் பளபள. ஆச்சரியம் இரண்டாவதுதான். வாரம் முழுக்கத் தண்ணிக்குள்ளேயே கிடந்தும் ஏறக்குறைய போட்டபடியே இருக்கும்!

மேட்டர் இதுதான். கொதிக்கும்போது தண்ணியில் கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன் வெளியேறிடுது. எண்ணெய் அதைத் திரும்ப உள்ளே விடாது. துருப்பிடிக்கத் தண்ணி, ஆக்சிஜன் ரெண்டும் ஒண்ணா வரணும். ஒண்ணைத் தடுத்தாலே போதும். பெயின்ட், கிரீஸ் எல்லாம் செய்யிற வேலை அதுதான். உப்பு சேர்ந்தா தண்ணியில் மின்சாரம் சுலபமா பாயும், துரு வேகமெடுக்கும்.

நாலாவது பாட்டில் பெரிசானா அதுதான் பாம்பன்! 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், உப்புக் காத்தோடு மல்லுக்கட்டியே ஓய்ஞ்சுபோச்சு. அரிப்பு காரணமா 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்த வேண்டியதாச்சு. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், ஸ்பெஷல் பெயின்ட் எல்லாம் உண்டு. பக்கத்து மண்டபத்தில் காரைக்குடி 'சிக்ரி' ஆய்வகத்தின் அரிப்புச் சோதனை நிலையம் இருக்கு. கடல் தண்ணியும் கடல் காத்தும் உலோகத்தை என்ன செய்யுதுன்னு பார்க்கிறதுதான் அங்கே வேலை. நம்ம ஜாம் பாட்டில் ஆராய்ச்சிதான், கொஞ்சம் பெரிய சைஸ்!

பாலத்தை ரயில்வே பார்த்துக்கும். உங்க வீட்டு சன்ஷேடை யார் பார்க்கிறது?

அலுமினியத்து மேல படியிற ஆக்சைடு, உள்ளே இருக்கிற உலோகத்துக்குக் காவல். இரும்புத் துரு அப்படியில்ல. தானும் உதிர்ந்து, உள்ளே இருக்கிற புது இரும்பையும் காட்டிக்கொடுத்துடும். போதாக்குறைக்கு, அரிச்ச இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள்ளே இருக்கிற கம்பிக்கு இது நடந்தா, உள்ளேயிருந்தே நெட்டித் தள்ளிப் பிளந்துடும்.

கம்பி போற வழியில் நீளமா விரிசல், பழுப்புக் கறை, உப்பின பூச்சு... இதில் எது தெரிஞ்சாலும் மேலே சிமென்ட் பூசி மறைக்காதீங்க. பூச்சுக்குப் பின்னாடி வேலை நடந்துக்கிட்டேதான் இருக்கும். சிக்னல் கிடைக்குதுன்னு அந்த சன்ஷேடுக்குக் கீழே நின்னு செல்போன் பேசுறதை இன்னிக்கே நிறுத்துங்க. ஒரு இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லி அப்பாவை நச்சரிங்க. ஹாஸ்டல்னா, வார்டனை!