ஒரு வருஷப் படிப்பு! 15 வருஷ நஷ்டம்!

பள்ளிக்கூடத் தேர்வு முடிவு வந்தால் போதும். சென்னை நகரின் மின்கம்பங்களில் நோட்டீசு முளைத்து விடுகிறது. பஸ் நிறுத்தச் சுவர், ரெயில்வே பாலத் தூண், டீக்கடைக் கதவு என்று எங்கு பார்த்தாலும் ஒரே சேதிதான். "ஒரே வருஷத்தில் நர்சு ஆகலாம்! பத்தாவது பெயிலானாலும் பரவாயில்லை! வேலைக்கு உத்தரவாதம்!"

இதைப் படிக்கும் ஏழைத் தாய்க்கு ஆசை வருவது இயற்கை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், "எம் பொண்ணாவது வெள்ளை உடுப்பு போடட்டும்" என்று நினைப்பதில் தப்பே இல்லை. காதில் கிடக்கும் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. ரசீதுகூட வாங்காமல் பணம் கட்டப்படுகிறது.

வருஷம் முடிந்ததும் கையில் ஒரு சர்டிபிகேட் வருகிறது. கண்ணாடி போட்டு மாட்டலாம். ஆனால் அதை வைத்து நர்சு என்று சொல்லிக்கொள்ள முடியாது!

சட்டம் சொல்வது என்ன?

நர்சு தொழிலுக்கு நேற்று வந்த சட்டம் அல்ல. சென்னை மாகாணத்தில் 1926-லேயே நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம் வந்து விட்டது. நாடு முழுவதுக்குமான நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-ல் வந்தது. 2023-ல் நர்சிங் கமிஷன் சட்டமும் நிறைவேறி இருக்கிறது.

நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரத்தோடு வரும் படிப்புகள் இவை: 2 வருஷ ஏ.என்.எம்., 3 வருஷ ஜி.என்.எம்., 4 வருஷ பி.எஸ்சி. நர்சிங். மூன்றுக்கும் பிளஸ்-2 தேறியிருக்க வேண்டும். படித்து முடித்ததும் தமிழ்நாடு நர்சுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும். அங்கே ஒரு பதிவு நம்பர் தருவார்கள். அந்த நம்பர்தான் உயிர். அது இல்லாமல் அரசு ஆஸ்பத்திரி நர்சு வேலைக்கு மனுப்போடக்கூட முடியாது.

"அமெரிக்காவில் ஒரு வருஷம் படித்தாலே நர்சுதானே?" என்று ஏஜெண்டு வாயடிப்பார். அங்கே 'பிராக்டிகல் நர்சு' என்று ஒரு படிப்பு இருப்பது உண்மைதான். சுமார் ஒரு வருஷம்தான். ஆனால் அதை நடத்தும் பள்ளிக்கு மாநில நர்சிங் போர்டின் அனுமதி வேண்டும். படித்த பிறகு தனியாக லைசென்சு பரீட்சை எழுதித் தேற வேண்டும். இங்கே பெயரை மட்டும் இறக்குமதி செய்து விட்டார்கள். லைசென்சு இறக்குமதி ஆகவில்லை!

கணக்கு இதுதான்

ஒரு உதாரணம் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஜவுளிக்கடையில் நின்றால் அந்தப் பெண்ணுக்கு மாசம் 10 ஆயிரம் கிடைக்கும் என்று வைத்துக் கொள்ளலாம். ஒரு வருஷப் படிப்புக்கு பீசு, யூனிபாரம், பஸ் செலவு எல்லாம் சேர்த்து 60 ஆயிரம். அந்த ஒரு வருஷம் வேலைக்குப் போகாததால் போன சம்பளம் 1 லட்சத்து 20 ஆயிரம். ஆக மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரம்.

படித்து விட்டு நர்சிங் ஹோமில் உதவியாளராகச் சேர்ந்து மாசம் 11 ஆயிரம் வாங்கினால் கூடுதல் வரவு ஆயிரம் ரூபாய்தான். போட்ட முதல் திரும்ப 180 மாசம் ஆகும். அதாவது 15 வருஷம்! அடகுக் கடை வட்டி இதில் சேரவில்லை.

இதே பெண் 3 வருஷ ஜி.என்.எம். படித்தால்? தனியார் பள்ளியில் செலவு 2 லட்சத்து 40 ஆயிரம், போன சம்பளம் 3 லட்சத்து 60 ஆயிரம், மொத்தம் 6 லட்சம் என்று வைக்கலாம். தொகை பயமுறுத்தும். ஆனால் மாசம் 20 ஆயிரம் சம்பளம் கிடைத்தால் 5 வருஷத்தில் முதல் திரும்பி விடும். அரசு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்தாலோ செலவு மிகக் குறைவு.

20 ஆயிரம் எங்கே?

இங்கேதான் சிக்கல். 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் நர்சுக்கு 20 ஆயிரத்துக்குக் குறையக்கூடாது என்று கமிட்டி சொன்னது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்சுக்குச் சமமாகத் தர வேண்டும் என்றது. பரிந்துரை நல்ல பரிந்துரை. ஆனால் அதை நம்பி மளிகைக் கடையில் அரிசி வாங்க முடியாது!

ஜி.என்.எம். படித்த நர்சுக்கு 13 ஆயிரம்தான் என்றால், அதே 6 லட்சம் திரும்ப 200 மாசம் ஆகும். நேர்வழியில் படித்தவருக்கும் அதே கதி. அரசும் பெருமைப்பட ஒன்றும் இல்லை. 2015-ல் தேர்வு வைத்து எடுத்த நர்சுகளுக்கு மாசம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியம் தந்தது. அது பிறகு உயர்ந்தது. ஆனால் வேலையை நிரந்தரமாக்கக் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார வேண்டி வந்தது.

உதவியாளர் வேலை இழிவா?

இல்லவே இல்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளியைத் திருப்பிப் போட்டு, துடைத்து, சோறு ஊட்டுவது புண்ணியமான வேலை. அந்த வேலையை அதன் பெயராலேயே சொல்ல வேண்டும். மத்திய அரசு 2015-ல் தொடங்கிய திறன் பயிற்சித் திட்டத்தில் இதை இலவசமாகவே கற்றுக் கொடுத்தார்கள். இலவசமாகக் கிடைப்பதற்குக் கம்மலை அடகு வைப்பானேன்?

ஆபத்து நோயாளிக்கும் உண்டு. வெள்ளை உடுப்பைப் பார்த்து நம்பித்தான் அவர் கையை நீட்டுகிறார். எந்த மருந்து, எத்தனை சொட்டு என்று முறையாகப் படிக்காத பெண்ணிடம் ஊசியைக் கொடுத்தால் தப்பு யாருடையது? சம்பளத்தை மிச்சம் பிடித்த முதலாளியுடையதா, அந்தப் பெண்ணுடையதா? மாட்டிக்கொள்வது என்னவோ அந்தப் பெண்தான்.

செய்ய வேண்டியது

அரசுக்கு வேலை இரண்டு. ஒன்று, அங்கீகாரம் இல்லாமல் 'நர்சு' என்ற வார்த்தையைப் பலகையில் எழுதும் பயிற்சி நிலையங்களைத் தெருத் தெருவாகக் கணக்கெடுத்துப் பூட்ட வேண்டும். இரண்டு, 20 ஆயிரம் பரிந்துரையைச் சட்டமாக்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால் ஏழைப் பெண்ணுக்கு ஒரு கதவு மூடும், இன்னொன்று திறக்காது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்த்தே ஆக வேண்டும். "படிச்சு முடிச்சா கவுன்சிலில் பதிவு பண்ண முடியுமா? அங்கீகார உத்தரவைக் காட்டுங்க" என்று கேளுங்கள். காட்டினால் உட்காருங்கள். மழுப்பினால் எழுந்து வாருங்கள்.

கம்மல் காதிலேயே இருக்கட்டும்!