செருப்போடு நடந்த ஒரு நாள்

நடப்பது தியானம், இயற்கையோடு கலப்பது என்றெல்லாம் எழுதுகிறார்கள் நம்மூர் எழுத்தாளர்கள். எழுதட்டும். எந்தத் தெருவிலும் மறிக்கப்படாத கால்களுக்கு நடை தியானம்தான். எங்கள் கால்களுக்கு அது வழக்கு.

ஒரு கருத்தரங்குக்காக இங்கிலாந்து போனபோது ஒருநாள் ஓய்வு கிடைத்தது. 'பென்னைன் வே' என்கிற நெடும்பாதையில் நடந்தேன். ஈடேல் என்ற சிற்றூரில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டிப் போகும் 268 மைல் பாதை. முதல்நாள் நடை கிரவுடன் வரை, 16 மைல்.

கொஞ்ச தூரத்திலேயே பாதை ஒரு பண்ணைக்குள் நுழைந்தது. வீடு, தொழுவம், நாய். வாசல் வழியாகவே போ என்கிறது கைகாட்டி மரம். என் கால் நின்றுவிட்டது. "பண்ணையார் வீடு வருதுடா, செருப்பக் கழட்டிக் கக்கத்துல வையி." இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்தைய அப்பாவின் குரல். குனிந்து காலணிக் கயிற்றைத் தொட்டேன். எழுத வெட்கமாயிருக்கிறது, எழுதுகிறேன். தொழுவத்திலிருந்து வந்த கிழவர் வழியைக் கைகாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இது அவருடைய பெருந்தன்மை அல்ல. நிலம் அவருடையது, வழி எல்லாருடையது. மறித்தால் அவர்தான் குற்றவாளி. அங்கே சட்டம் அப்படி.

அந்தச் சட்டமும் சும்மா வரவில்லை. மத்தியானம் நான் ஏறிய கிண்டர் ஸ்கவுட் மேடு ஒரு பிரபுவின் வேட்டை நிலமாயிருந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர் தடையை மீறி ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு. ஐந்து பேருக்குச் சிறை. முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20, தண்டனை நான்கு மாதம். 1965இல், அதே ஏப்ரல் 24இல், இந்தப் பாதை திறக்கப்பட்டது. 2000இல் வந்த சட்டம் மேட்டு நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்றது. 2002இல் அந்தப் பிரபுவின் பேரன் பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார்.

எங்க ஊர்த் தெருவுக்காக எந்தப் பண்ணையார் பேரன் மன்னிப்புக் கேட்டான்?

வெள்ளைக்காரனைப் புகழ இதைச் சொல்லவில்லை. அந்தத் தொழிலாளர்களை மறித்தது சொத்து. நம்மை மறிப்பது சொத்தும் சாதியும். பட்டா இருந்தால் வேலி போடுகிறான். பட்டா இல்லாத பொதுத்தெருவில் 'வழக்கம்' போடுகிறான்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் நடந்ததை மறந்துவிடவில்லையே? சுடுகாட்டுக்குப் போகும் வழி ஆதிக்கசாதியாரின் வேலிக்குள். பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் பிணத்தைக் கயிறுகட்டி இறக்கினார்கள். நிர்வாகம் தந்த பதில் என்ன? தலித்துகளுக்குத் தனிச் சுடுகாட்டுக்கு இடம். கேட்டது வழி. கொடுத்தது செத்தவர்களுக்கும் ஒரு சேரி.

சாயங்காலம் கிரவுடன் வந்து சேர்ந்தபோது காலெல்லாம் கரிய சேறு. 16 மைலில் ஒருத்தர்கூட "நீ எந்தத் தெரு?" என்று கேட்கவில்லை.

தியானம் செய்கிறவர்கள் செய்யட்டும். நமக்கு வேண்டியது வழி. ஒவ்வொரு சேரியிலிருந்தும் சுடுகாடு வரை, குளம் வரை வழியை அளந்து கிராமக் கணக்கில் ஏற்று. யார் பட்டாவுக்குள் போனாலும் ஏற்று. மறிப்பவன்மேல் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடு. அதிகாரிகளுக்கு இதுதான் நம் கோரிக்கை.

செய்யாவிட்டால், தோழர்களே, அந்தத் தொழிலாளர்கள் செய்ததைச் செய்வோம். கூட்டமாக நடப்போம். செருப்போடு.