பந்தாட்ட மைதானம் யாருக்குச் சொந்தம்?

"கைதட்டத்தான் உனக்குத் தெரியும்; கிளப்பை நடத்தப் பணமுதலை வேண்டும்!" பந்தாட்ட ரசிகனிடம் முதலாளிகள் ஓதும் மந்திரம் இது. வடிகட்டிய பொய்!

தோழர்களே, இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் யுனைடெட்டைப் பெற்றவர்கள் யார்? 1878-ல் நியூட்டன் ஹீத் ரயில்வே ஒர்க்‌ஷாப் தொழிலாளர்கள்! அதை 2005-ல் அமெரிக்க முதலாளி கிளேசர் ஏறத்தாழ 79 கோடி பவுன் விலைக்கு விழுங்கினார். சொந்தப் பணமா? பாதிக்கு மேல் கடன். அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார். வட்டிக்குப் போனது ரசிகனின் டிக்கட் காசு.

கொதித்தெழுந்த ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதே ஆண்டில் எஃப்.சி. யுனைடெட் என்ற குழுவைத் தொடங்கினர். பெரிய 92 கிளப்புகளின் லீகுக்கு வெளியே, கீழ்மட்டப் போட்டிகளில் ஆடும் குழு. 2015-ல் நியூட்டன் ஹீத்தை அடுத்த மாஸ்டனில் சொந்த மைதானமே திறந்துவிட்டார்கள்! ரசிகர்களின் பங்குப் பணம் மட்டும் சுமார் 20 லட்சம் பவுன். மீதிக்குப் பொது மானியங்களும் நகரசபைக் கடனும் உதவின.

அங்கே ஆட்டம் பார்க்கப் போகிறவன் கோலுக்குப் பின்னால் படிகளில் நின்றபடியே தொண்டை கிழியக் கத்தலாம். (மேல் டிவிஷனில் 1994 முதல் பல்லாண்டுகள் இதற்குத் தடை!) பல வேலைகளைச் செய்பவர்கள் சம்பளமில்லாத் தொண்டர்கள். ஆயிரம் பவுன் போட்ட உறுப்பினருக்கும் ஒரே ஓட்டு, வாசலில் நிற்கும் உறுப்பினருக்கும் ஒரே ஓட்டு. பங்கை லாபத்துக்கு விற்கவும் வழியில்லை.

சச்சரவே வரவில்லையா? வந்தது. 2016-ல் நிர்வாகத்தின்மேல் அதிருப்தி மூண்டது. நிர்வாகக் குழுவினர் பலர் விலகினர். உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டு வேறு ஆட்களை அமர்த்தினர். கிளேசர் குடும்பத்தை அப்படி இறக்க, பெரிய கிளப்பின் எந்த ரசிகனிடம் ஓட்டு இருக்கிறது?