என் அப்பாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் திரைப்பட ஆய்வாளரும் அல்லேன், விமர்சகரும் அல்லேன். மொழியியல் படித்தவள், இப்போது ஐதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். இரவு உணவுக்குப் பிறகு விடுதி அறையில் நான்கைந்து பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து, கிடைத்ததைப் பார்ப்போம். பாதியில் தூங்கிவிடுவதும் உண்டு. எனவே இதனை ஒரு சாதாரணப் பார்வையாளரின் கோபமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சில நாள்களுக்கு முன் ஒரு பதிவு என் பக்கத்தில் பலராலும் பகிரப்பட்டது. பிறமொழிப் படங்களைத் தமிழ் டப்பிங்கில் பார்ப்பவர்கள் ரசனையற்றவர்கள், மூல மொழியில் சப்டைட்டிலோடு பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பென்றால் நானும் அதற்கு விருப்பக்குறி இட்டிருப்பேன். ஏன், அதே அறிவுரையை என் அம்மாவுக்கு வழங்கியும் இருக்கிறேன்.

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்த ஆண்டு அது, 2024. நான் திரையரங்கில் மலையாளத்தில் பார்த்துவிட்டு, வீட்டில் அவசியம் பார்க்கும்படி கோவில்பட்டிக்குத் தொலைபேசினேன். படம் இணையத்துக்கு வந்ததும் அம்மா தமிழ் ஒலித்தடத்தில் பார்த்துவிட்டார். மறுநாள் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏட்டி, அந்தப் பையனுக கேரளாக்காரனுகதானே? எல்லாரும் ஒரே தமிழ்தான் பேசுறானுக. பெறகு எதுக்குப் போலீஸ் ஸ்டேசன்ல நின்னு அப்படி முழிக்கிறானுக?"

படத்தின் உயிர் இருக்கும் இடத்தைத்தான் அவர் தொட்டுக் கேட்டார். கொச்சிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து கொடைக்கானலுக்கு வந்த இளைஞர்கள். 'குணா' படத்தின் வழியாகத் தெரிந்துகொண்ட குகை. அந்தக் குகைப் பள்ளத்தில் விழுந்துவிடும் நண்பன். உதவி கேட்டு ஓடும் இடத்தில் எல்லாம் தமிழ். அவர்களுக்குத் தெரிந்த தமிழ் சினிமாவில் கேட்ட தமிழ். காவல் நிலையத்தில் அது போதவில்லை. அந்தப் போதாமையில்தான் பயம் இருக்கிறது. கடையில் எல்லாரும் சேர்ந்து கயிற்றை இழுக்கும்போது வரும் நெகிழ்வும் அதிலிருந்துதான் பிறக்கிறது. எல்லா வாயிலும் ஒரே மொழியைப் பூசிய பிறகு அவர்கள் அடுத்த தெருப் பையன்கள் ஆகிவிடுகிறார்கள். அம்மாவும் நானும் பார்த்தவை இரண்டு வெவ்வேறு படங்கள்.

நான் அப்போது அந்தப் பதிவரைப் போலவே பேசினேன். "மலையாளத்துல போட்டுப் பாருங்கம்மா, கீழ எழுத்து வரும்" என்றேன். இரண்டு நாள் கழித்து அழைத்தார். "நீ சொன்ன மாதிரிதான் போட்டேன். எழுத்து வருது. இங்கிலீஷ்ல வருது. அதை நான் யார்ட்ட கொண்டுபோய்ப் படிக்கச் சொல்ல?"

என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

ரசனைக் காவலர்களுக்கு இது ஏன் தோன்றுவதில்லை என்று எனக்குத் தெரியும். 'சப்டைட்டிலோடு பாருங்கள்' என்ற வாக்கியத்தில் 'ஆங்கிலம் தெரிந்திருக்கும்பட்சத்தில்' என்ற தொடர் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவருக்கு அது கண்ணில் படாது. பிறமொழிப் படம் பார்க்கவேண்டுமானால் அம்மாவுக்கு இரண்டே வழிகள்: மொழிகளையெல்லாம் கரைத்துவிட்ட டப்பிங், அல்லது வாசிக்கத் தெரியாத எழுத்து. மூன்றாவதாக ஒரு வழி இருக்கவேண்டும்: மலையாளம் காதில், தமிழ் கண்ணில். சில படங்களுக்கு, சில தளங்களில் அது கிடைக்கிறது, மறுக்கவில்லை. பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது.

(துணைத்தலைப்பு என்ற சொல் எனக்கு உவப்பில்லை. தலைப்பே இல்லாத இடத்தில் துணைத்தலைப்பு எப்படி வரும்? வசனவரி என்றே இனி எழுதுகிறேன்.)

டப்பிங் கலைஞர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. 2013-இல் விஜய் தொலைக்காட்சியில் 'மகாபாரதம்' தமிழில் வந்தபோது எங்கள் தெருவே அதைப் பார்த்தது. அதில் எதுவும் இழக்கப்படவில்லை. அத்தினாபுரத்தில் எல்லாரும் ஒரே மொழிதான் பேசுகிறார்கள், அது இந்தியாக இருந்தால் என்ன, தமிழாக இருந்தால் என்ன? எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டியும் பார்த்தார். ஒருமொழிக் கதைக்கு டப்பிங் போதும். கதையின் பொருளே மொழிகளுக்கு இடையிலான தூரமாக இருக்கும்போதுதான் அது கைவிடுகிறது. இப்போது வரும் நல்ல படங்கள் பல அத்தகையவை. வேலைக்காக ஊர் விட்டு ஊர் போகிறவர்களின் நாடு இது. அவர்கள் கதையைச் சொன்னால் இரண்டு மூன்று மொழிகள் வந்துதான் தீரும்.

பாயல் கபாடியாவின் 'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்' 2024-இல் கான் விழாவில் கிராண்ட் பிரி பெற்றது. மும்பையில் வேலை செய்யும் மலையாளச் செவிலியர்கள், ரத்னகிரிப் பக்கத்திலிருந்து வந்த மராத்திப் பெண், இந்தி வராமல் தடுமாறும் ஒரு மலையாள மருத்துவர். அந்த மருத்துவரின் தனிமை எதில் இருக்கிறது? அவருக்கு வராத இந்தியில் இருக்கிறது. எல்லாரையும் ஒரே மொழி பேச வைத்தால் அவர் காரணமில்லாமல் முகம் வாடிய மனிதர், அவ்வளவுதான். ஐதராபாத்துக்கு வந்த முதல் ஆண்டில் ஆட்டோக்காரரிடம் வழி சொல்லத் தெரியாமல் நின்ற எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

'ஜெய் பீம்' (2021) நினைவிருக்கிறதா? தமிழில், இந்தியில் பேசும் ஒருவரை பிரகாஷ்ராஜ் அறைந்து, தமிழில் பேசச் சொல்வார். இந்தி வடிவத்தில் அதே அறைக்கு, உண்மையைச் சொல் என்பது காரணமாக வைக்கப்பட்டது. அந்த அறை சரியா தவறா என்று அப்போது நாடே வாதிட்டது. எனக்குச் சுவையாக இருந்தது வேறொன்று: காட்சி அதுவே, கை அதுவே, கன்னம் அதுவே, மொழிபெயர்த்தவுடன் காரணம் மட்டும் காணாமற்போனது.

மறுபக்கத்தையும் பாருங்கள். அதே ஆண்டில் வெளிவந்த 'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் பருவம். ஈழப் போராட்டத்தை அது காட்டிய விதத்தில் எனக்கு ஆறாத மனத்தாங்கல் உண்டு. தமிழ்நாட்டு அரசே அதற்குத் தடை கோரியது. ஆனால் ஓர் இந்தித் தொடர் தமிழ்ப் பாத்திரங்களைத் தமிழிலேயே பேசவிட்டது, நெடிய காட்சிகளில், வெட்கமில்லாமல். வடக்கத்தியப் பார்வையாளர்கள் கீழே ஓடிய வரிகளை வாசித்துக்கொண்டே பார்த்தார்கள். யாரும் செத்துப்போகவில்லை. செல்லம் சாரைக் கொண்டாடினார்கள்.

அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதாம். 'தமிழ்நாட்டில் யாரும் திரையில் வாசிக்கமாட்டார்கள்' என்று திரைத்துறையில் இருக்கும் ஒரு நண்பர் என்னிடம் உறுதியாகச் சொன்னார். 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 80 விழுக்காடு இருந்த மாநிலம் இது. தேநீர்க் கடையில் ஒரு செய்தித்தாளைத் தாள்தாளாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் வாசிக்கும் ஊர்கள் இவை. வாசிப்பவர்களுக்கு எழுத்தைக் கொடுக்காமலேயே, வாசிக்கமாட்டார்கள் என்ற முடிவுக்கு எப்படி வந்தார்கள்?

பிறமொழிப் படங்களை விடுங்கள். தமிழ்ப் படத்துக்குக் கீழே எந்த எழுத்து ஓடுகிறது என்று என்றாவது கவனித்தீர்களா? பெரும்பாலும் ஆங்கிலம்தான். அந்த ஆங்கிலம் என்ன செய்கிறது என்று ஒரே ஒரு எடுத்துக்காட்டு. வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யை விடுதியில் பார்த்தோம். முறை, உரிமை, சாதி ஆகியவற்றின் மேல்தான் அந்தக் கதையே நிற்கிறது. பக்கத்தில் ஒரு வங்காளத் தோழி. காதில் 'மாமா' என்று விழுகிறது. வங்காளத்திலும் அது தாயின் உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல்தான். திடுக்கிட்டு, "அவரையா இவளுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள்?" என்றாள். படத்தை நிறுத்திவிட்டு முறைமாமன், முறைப்பெண், மச்சான், பங்காளி என்று அரைமணி நேரம் பாடம் நடத்தினேன். பெண் எடுக்கக்கூடிய உறவு எது, கூடாத உறவு எது என்ற ஒரு முழு இலக்கணமே இந்தச் சொற்களில் இருக்கிறது. ஆங்கில வரிகளில் மச்சானும் ப்ரோ, பங்காளியும் ப்ரோ, அண்ணனும் ப்ரோ. நீ, நீங்க, நீர் மூன்றுக்கும் ஒரே யூ. வேற்று மொழியினருக்கு அதைவிட வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழருக்குத் தமிழ்ப் படத்தில் இந்தக் கதி எதற்கு? மலையாளப் படத்துக்கும் இதுதான். நீ–நிங்ஙள் வேறுபாட்டைத் தமிழ் எழுத்து அப்படியே ஏந்திக்கொள்ளும். அதை ஆங்கிலத்தில் போட்டுத் தொலைத்துவிட்டு, தொலைந்ததை நாம் வாசிக்கிறோம்.

இனி அப்பா. கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். கதிர் எந்திரங்களின் இரைச்சல் அவர் செவியைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்றுவிட்டது. செவிக்கருவி வாங்கிக் கொடுத்தோம். தொலைக்காட்சியின் பின்னணி இசையை அது வசனத்தைவிடப் பெரிதாகக் காதில் கொட்டுகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். செய்தித்தாளை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்க விளம்பரம் வரை வாசிப்பவர் அவர். தமிழ்ப் படம் ஓடும்போது திரையில் எழுத்து வருகிறது, அதுவும் ஆங்கிலத்தில். தன் மொழிப் படத்தை அவர் இப்போது ஊமைப்படமாகப் பார்க்கிறார். எல்லாரும் சிரித்த பிறகு சிரிக்கிறார். அந்த அரை நொடித் தாமதத்தை நான் கவனித்ததை அவரும் கவனித்துவிட்டார். அதன் பிறகு "கண்ணு வலிக்கி" என்று எழுந்து போய்விடுகிறார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது. செவித்திறன், பார்வைத்திறன் குறைந்தோரும் திரையரங்கில் படம் பார்ப்பதற்கான நெறிமுறைகளை ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. நல்லது. ஆனால் தமிழ்ப் படத்துக்கு ஆங்கில வரி போட்டுவிட்டு, வரி போட்டாயிற்றே என்று கணக்குக் காட்டினால் அப்பா எந்தச் சட்டத்திடம் முறையிடுவது?

'எந்தத் தமிழில் எழுதுவது?' என்று கேட்பார்கள். இது என் துறைக் கேள்வி. இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லவேண்டும். தமிழ் இரட்டை வழக்கு மொழி: பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. பேச்சை எழுத்தில் கொண்டுவர முடியாது, எழுத்து வழக்கில் போட்டால் நாடகம் போலிருக்கும் என்பது வாதம். புதுமைப்பித்தன் நெல்லைப் பேச்சை அச்சில் ஏற்றி எத்தனை காலம் ஆயிற்று! எங்கள் ஊருக்குப் பக்கத்து இடைசெவலில் உட்கார்ந்துகொண்டு கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்கு அகராதியே தொகுத்தார், 1982-இல். சிறுகதை வாசகர் ஒரு நூற்றாண்டாக வாசித்துவரும் பேச்சுத் தமிழைத் திரைப் பார்வையாளர் வாசிக்கத் திணறுவாராம்.

இன்னொரு வாதம், தமிழ்ச் சொற்கள் நீளமானவை, இரண்டு வரிக்குள் அடங்கா என்பது. எழுத்து வழக்கில் 'போய்க்கொண்டிருக்கிறேன்': 11 எழுத்து. திரையில் அந்தப் பாத்திரம் அப்படியா பேசுகிறது? 'போய்ட்டிருக்கேன்' என்கிறது: 8 எழுத்து. பேசுவதைப் பேசியபடி எழுதினாலே இடப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும். மீதியைத் தீர்ப்பதற்குத்தான் வசனவரி எழுதுபவர் என்று ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். இலவசமாகவோ எந்திர மொழிபெயர்ப்பிலோ முடித்துவிடலாம் என்று நினைத்தால் முடியாது.

காதில் கேட்கும் மொழியையே திரையில் எழுத்தாகவும் காட்டுவது இந்தியாவுக்குப் புதிதும் அன்று. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பிரிஜ் கோத்தாரி 1990களிலேயே இந்த முயற்சியைத் தொடங்கினார்; பிறகு தூர்தர்ஷனின் 'சித்ரஹார்' நிகழ்ச்சியில் இந்திப் பாடல்களுக்கு இந்தியிலேயே வரிகள் ஓடின. அரைகுறையாக வாசிக்கத் தெரிந்தவர்கள் பாட்டின் துணையோடு வாசிப்பில் தேறட்டும் என்பது அதன் நோக்கம். பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். கண் எழுத்தைப் பின்தொடர்கிறது. என் அத்தை ஐந்தாம் வகுப்போடு நின்றவர். திரைப்பாடல் எத்தனை தெரியும் அவருக்கு!

செலவு என்கிறார்கள். கடந்த பொங்கல் விடுமுறையில் வீட்டிலிருந்த 'முள்ளும் மலரும்' குறுந்தகட்டை மடிக்கணினியில் ஏற்றி, இலவச மென்பொருள் ஒன்றில் வசனங்களைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சிட்டேன். அனுபவமில்லாத ஒருத்திக்கு 40 நிமிடப் படத்துக்கு இரண்டு இரவுகள் ஆயின. அப்பாவை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார், தாமதமில்லாமல். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். எங்களுக்கெல்லாம் நெஞ்சு அடைத்துப்போயிற்று. அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்து, "இங்க பெரிய 'ற' வரணும். என்னத்த மொழியியல் படிச்ச?" என்றார்.

திருத்திவிட்டேன். இன்னும் நூறு நிமிடத்துக்கு மேல் மீதி இருக்கிறது; வாரம் தவறாமல் கேட்கிறார். தமிழ்த் தட்டச்சுத் தெரிந்த, சந்திப்பிழை இல்லாமல் எழுதக்கூடிய இரண்டு பேர் கிடைத்தால் நல்லது, உள்பெட்டியில் சொல்லுங்கள். மற்றவர்கள், நீங்கள் சந்தா கட்டும் தளத்தின் புகார்ப் பக்கத்துக்குப் போய்த் தமிழில் நான்கு வரி எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதிவிடாதீர்கள்.