ராஜினாமாக் கடிதம்

உத்தியோகம் என்றால் ஓய்வு பெறும் வரை நிலைத்திருப்பது என்னும் எண்ணத்தில் வளர்ந்தவர்கள் நாம். ரயில்வேயிலும் பிற சர்க்கார் இலாகாக்களிலும் காலங் கழித்த நமது பெரியவர்களுக்கு, பிள்ளைகள் இன்று புகுந்துள்ள கணினிக் கம்பெனிகளின் நடைமுறை எளிதில் விளங்குவதில்லை. டாலிகஞ்சில் மெட்ரோ ஏறி, எஸ்பிளனேடில் வண்டி மாறி, சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில் இறங்குகின்றனர். 2025 ஆகஸ்டில் எஸ்பிளனேட்–சியால்டா பாதை திறந்தபின் பிரயாணம் சுலபமாயிற்று. இறங்கியபின் தொடங்குவதே கஷ்டம் என்கின்றனர்.

அண்டை வீட்டு இளைஞர் ஒருவர், தாம் இரண்டு வாரமாகப் 'பெஞ்சில்' இருப்பதாகக் கூறியபோது, ரயில்வேக்காரராகிய நமக்குப் பிளாட்பாரத்துப் பெஞ்சுதான் நினைவிற்கு வந்தது. வேலைத் திட்டம் எதுவும் ஒதுக்கப்படாமற் காத்திருக்கும் நிலைக்கு அங்கே அப்பெயராம். டாடா கன்ஸல்டன்ஸி கம்பெனி 2025 ஜூனில் வகுத்த விதிப்படி, ஓர் ஊழியர் ஆண்டில் 225 நாட்களேனும் வாடிக்கையாளரிடம் கட்டணம் பெறத்தக்க வேலையில் இருத்தல் வேண்டும். பெஞ்சு 35 நாட்களுக்கு மேற்படலாகாது. மறு மாதமே, மொத்த ஊழியரில் 100-க்கு 2 பேரை, அதாவது ஏறக்குறைய 12,000 பேரை, நீக்கப் போவதாக அக்கம்பெனி அறிவித்தது.

மற்றொன்று தரவரிசை. இம்முறை உள்ள இடங்களில், குழுவினர் அனைவரும் செம்மையாக உழைத்திருப்பினும், மேலே இத்தனை பேர், கீழே இத்தனை பேர் என்று முன்னரே வகுத்த விகிதப்படி மானேஜர் பிரித்தாக வேண்டும். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் தலைவராயிருந்த ஜாக் வெல்ச், ஆண்டுதோறும் கடைசி 10 சதவிகிதத்தினரை நீக்கும் வழக்கத்தைப் பிரபலமாக்கினார். மைக்ரோஸாப்ட் இத்தகைய முறையை 2013-ல் கைவிட்டது. நமது ஆபீஸ்களின் ஆண்டுக் குறிப்பிலும் பாரபட்சம் உண்டு, மறைப்பானேன்? ஆயினும் அடுத்த மேஜைக்காரர் திறமைசாலி என்பதற்காக நமது மதிப்பெண் குறைவதில்லை. அங்கே குறைகின்றது. ஆதலின் தோழனுக்கு ஒன்றைக் கற்றுக் கொடுக்கவும் தயக்கம் பிறக்கின்றது. ஒருவர் சங்கடத்தை மற்றவர் அறியாமலே போகின்றது.

2017-ல் டெக் மஹீந்திராவில் நடந்ததை நேயர்களிற் பலர் மறந்திரார். மறுநாள் காலை 10 மணிக்குள் ராஜினாமா தரவேண்டும், இல்லையேல் நீக்கப்படுவீர் என்று அதிகாரி ஒருவர் ஊழியரிடம் பேசிய ஒலிப்பதிவு நாடெங்கும் பரவியது. குழுமத் தலைவர் ஆனந்த் மஹீந்திரா பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். நமக்கு எழும் வினா வேறு. நீக்கும் அதிகாரம் கையிலிருக்க, ராஜினாமாவை ஏன் கேட்க வேண்டும்?

விடை சட்டத்தில் உள்ளது. ஓராண்டேனும் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத முன்னறிவிப்பும், பணி முடித்த ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாட் சம்பளமும் தரவேண்டும் என்று 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் விதித்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அவ்விதி உண்டு. தாமாக விலகியவருக்கு இவ்வுரிமை இல்லை. கையெழுத்திட்ட அக்கணமே அவர் தாமாக விலகியவர் ஆகிவிடுகின்றார்.

மறுத்தால் நற்சான்று கிடைக்காது, அடுத்த வேலையும் போகும் என்று அஞ்சுவோர் பலர். அவ்வச்சம் பொய்யன்று. வீட்டுக் கடன் உள்ளவரைக் கோழை என்று நாம் கூறோம். எனினும் சென்னையில் நடந்ததையும் அறிதல் நலம். 2015 ஜனவரியில், கருவுற்றிருந்த டாடா கன்ஸல்டன்ஸி ஊழியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகித் தம் நீக்க உத்தரவிற்கு இடைக்காலத் தடை பெற்றார். கம்பெனியும் உத்தரவைத் திரும்பப் பெற்றது. தொழில் தகராறுச் சட்டத்திலிருந்து கணினிக் கம்பெனிகளுக்கு விலக்கு இல்லை என்று 2016-ல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது.

"நான் அனலிஸ்ட், தொழிலாளி அல்லவே" என்று சில பிள்ளைகள் பெருமையுடன் சொல்கின்றனர். புதிய தொகுப்பிலும் தொழில்நுட்ப வேலை செய்வோர் தொழிலாளர் வரையறைக்குள் வருவர். நிர்வாகப் பொறுப்பில் இருப்போர் அதில் அடங்கார். பட்டப் பெயரைக் காட்டிலும் செய்யும் வேலையே அங்கே கணக்கு.

நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, ஆண்டு மதிப்பீட்டுக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் வைத்திருக்கப் பிள்ளைகளிடம் கூறுங்கள். நீக்கும் நாளில் ஆபீஸ் கணினிக்குள் நுழையும் வழியை முதலில் அடைத்துவிடுகின்றனர்.